கட்டக் கூடாத கெடா

இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே, காலையில் வந்து உட்கார்ந்த மூடுபனி மத்தியானம்வரை எழுந்திருக்க மனமில்லாமல் கிடக்கும் ஒரு மலை மடிப்பில் ஊசிமலைத் தோட்டம் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பங்களாவில் இன்னும் வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். ஆனால் கீழ்ப் பிரிவு லயத்தின் வரிசை வீட்டு ஜனங்களைக் கேட்டால், தோட்டத்தை ஆள்வது துரையும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை, இன்னாசி வீட்டுக் கெடாதான் என்பார்கள்.

அது அர்ச்சியசிஷ்ட அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட கெடா. கறுப்பு உடம்பு. மார்புவரை தொங்கும் வெள்ளைத் தாடி. உலகத்தின் பாவங்களையெல்லாம் மன்னித்துவிட்டதுபோல் பாதி மூடிய கண்கள். மாதம் ஒருமுறை அட்டன் பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைக்கும் இத்தாலிக்காரப் பங்குச் சாமியாருக்கும் அதே நீளத்தில், அதே வெள்ளையில் தாடி. ஆகவே லயத்தில் கெடாவுக்குச் ‘சின்னச் சாமியார்’ என்று பெயர் விழுந்துவிட்டது. பெரிய சாமியாருக்கு மட்டும் இது தெரியாது. அவர் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வதில் லயத்து இந்துக்களும் வேதக்காரர்களும் ஒரே கட்சியாக இருந்தார்கள்.

கெடாவால் தோட்டம் பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம் இன்னாசியின் வாய்.

இன்னாசி கவ்வாத்து வெட்டுகிறவன். கத்தியைப் பிடித்தால் தேயிலைச் செடியை ஒரே மட்டத்தில் சீராக வெட்டி நிறுத்துவான். பேச்சை எங்கே வெட்டி நிறுத்துவது என்று மட்டும் அவனுக்குத் தெரியாது. கலியாணமாகிச் சில வருடங்கள் போயும் அவன் மனைவி சூசையம்மாவின் மடி நிறையவில்லை. அந்த வருட அந்தோனியார் திருநாளில், சப்பரம் லயத்தைச் சுற்றி வந்து அவன் வாசலில் நின்றது. அவன் வளர்த்த வெள்ளாடு அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. தப்புச் சத்தம், மெழுகுதிரி வெளிச்சம், கைகூப்பி நின்ற சூசையம்மாவின் கண்ணீர், எல்லாம் சேர்ந்து அவன் தலைக்கு ஏறிவிட்டன. ஈரம் காயாத குட்டியை இரண்டு கையாலும் தூக்கிச் சுரூபத்துக்கு முன்னால் நீட்டினான்.

“அந்தோனியாரே! எங்களுக்கு ஒரு புள்ளையக் குடுத்தா, இந்தக் கெடாவ ஒமக்கே குடுக்குறேன்!”

கூட்டம் ‘ஆமென்’ என்றது. அவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்த ஆமென் கொடுத்த தெம்பில் மேலே போனான்.

“அதுவரைக்கும் இது கழுத்துல கயித்தப் போட மாட்டேன்! ஒரு அடி அடிக்க மாட்டேன்!”

இந்த இரண்டையும் அந்தோனியார் அவனிடம் எதிர்பார்க்கவே இல்லை. அவனாகவே சேர்த்த கொசுறு. ஆனால் சூசையம்மா ஒவ்வொரு வார்த்தையையும் மனதில் ஆணியடித்து மாட்டிக்கொண்டாள்.

குட்டி கெடாவாயிற்று. பிள்ளை வரவில்லை.

கயிறும் அடியும் இல்லாமல் வளர்ந்த பிராணி எப்படி இருக்கும்? அது தீபாவளிக்கு வாங்கிய வேட்டியைத் தின்றது. பொங்கல் கோலத்தை நக்கியது. தொழிற்சங்கக் கூட்டத்துக்கு ஒட்டிய நோட்டீசைக் கூட்டம் நடப்பதற்கு முன்பே தின்றுவிட்டதால், பாதிப் பேர் கூட்டத்துக்குப் போகவில்லை. கணக்கப்பிள்ளை சோலைமலை தன் வீட்டுக்குப் பின்னால் ஆசையாகப் போட்டிருந்த கோவாத் தோட்டத்தில் முட்டைக்கோசின் உள் குருத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்று, வெளி இலைகளைப் பெருந்தன்மையோடு விட்டுவைத்தது.

இதெல்லாம் போதாதென்று அதற்கு வேலைக்குப் போகும் ஆசை வேறு. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் தப்பு முழங்கி, ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றால், வரிசையின் கடைசியில் சின்னச் சாமியாரும் நிற்கும். பழுப்புக் கோட்டும் குடையுமாகச் சோலைமலை ஆள் எண்ணிக்கொண்டு வருவார். எண்ணுகிற வேகத்தில் அதையும் சேர்த்து எண்ணிவிடுவார். பிறகு எண்ணிக்கை இடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.

“ஐயா, அது தெனம் தவறாம வருது, அரை நாள் கூலிக்கு அரைப்பேராவது போடுங்கய்யா” என்பான் மூக்கன். லயத்தில் விசேஷங்களுக்கு ஆடு அறுத்துக் கொடுப்பவன் அவன்தான்.

“ஒனக்குப் போடுற பேர வெட்டிட்டு அதுக்குப் போடவா?” என்று சோலைமலை உறுமுவார். “டேய் இன்னாசி, ஒரு முழக் கயிறு இல்லையாடா ஒன் வீட்டுல?”

“கயிறு இருக்குங்கய்யா. வாக்குதான் குறுக்க நிக்குது.”

பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த வீரம்மாவுக்கு இந்தக் காத்திருப்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை. நாக்கு நீளமானவள். ஆனால் சூசையம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் முதல் கஞ்சி அவள் அடுப்பிலிருந்துதான் வரும்.

“அடி சூசை, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. எங்க முனியாண்டிக்கு இந்தக் கெடாவக் குடுத்துரு. அவரு கையோட காரியத்த முடிப்பாரு. ஒங்க ஆளு ரொம்ப நெதானம்.”

“போங்கக்கா. ஒரு கடையில சாமானுக்குச் சொல்லி வச்சுட்டு, வரத் தாமதம்னு பக்கத்துக் கடைக்கு ஓடுறதா?”

“ஏன், நான் ஓடுவேனே?”

“நீங்க ஓடுவீங்க. கடைக்காரரு எம்மேல வச்சிருக்குற நம்பிக்கை என்னாகுறது?”

நம்பிக்கை நாம் கடவுள்மேல் வைப்பது என்றுதான் வீரம்மா கேள்விப்பட்டிருந்தாள். கடவுள் நம்மேல் வைப்பதும் உண்டு என்பது அவளுக்குப் புதுச் செய்தி. அதை மென்றுகொண்டே வீட்டுக்குள் போனாள்.

இன்னாசிக்கு மனைவியைப் போன்ற உறுதி கிடையாது. மழையில் நனைந்து வீடு வந்து, அடுப்பங்கரையில் தன் இடத்தில் கெடா படுத்துக் குளிர் காய்வதைப் பார்க்கும்போதெல்லாம், ‘அந்தோனியாரே, புள்ளையக் குடுக்குறதானா குடும், இல்லாட்டி இதையாச்சும் கூப்புட்டுக்கும்’ என்று முணுமுணுப்பான். ஆனால் ஒன்று அவன் கவனித்திருந்தான். ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் சூசையம்மா பேச்சில்லாமல் போவாள். அன்று சாயந்தரம் கெடாவுக்கு வழக்கத்தைவிட அதிகமாகப் புல் அறுத்து வருவாள். அதன் தாடியை விரலால் கோதிவிட்டு, “இன்னும் கொஞ்ச நாள் இருடா ராசா” என்பாள். மறுநாள் பழையபடி சிரிப்பாள். கெடா இருக்கிறவரை அவளுக்குச் சொல்வதற்கு அந்த ஒரு வார்த்தை இருந்தது. அதற்காகவே அவன் அடுப்பங்கரையை விட்டுக்கொடுத்திருந்தான்.

அப்படியே போயிருக்கும். ஆனால் அந்தச் சித்திரையில் சின்னச் சாமியாருக்குப் பங்களாவைப் பார்த்துவர ஆசை வந்தது.

நுவரெலியா மலர்க் கண்காட்சிக்கென்று துரை தன் கையாலேயே டேலியா வளர்த்திருந்தார். ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம். போன வருடம் லிந்துலைப் பக்கத்துத் துரை ஒருவரிடம் பரிசைப் பறிகொடுத்த அவமானத்தில், இந்த வருடம் இரவில் பூக்களுக்குக் குடை பிடிக்கத் தனியாக ஆள் போட்டிருந்தார். பகலில் வரும் ஆபத்தைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. கண்காட்சிக்கு முந்தின நாள், அவர் தேத்தண்ணீர் குடித்துவிட்டு முன்திண்ணையான இஸ்தோப்புக்கு வந்து பார்த்தபோது, செடிகள் இருந்தன. பூக்கள் இல்லை. நடுவில் தாடியில் ஒரு மஞ்சள் இதழ் ஒட்டியிருக்க, சின்னச் சாமியார் அவரை மன்னிக்கும் கண்களோடு பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பெரட்டுக் களத்துக்குத் துரையே வந்துவிட்டார்.

“யார் ஆடு?”

எல்லாரும் இன்னாசியைப் பார்த்தார்கள். இன்னாசி வானத்தைப் பார்த்தான்.

“அந்தோனியார் ஆடுங்க தொரைகளே.”

“அன்ட்டனி! யார் அன்ட்டனி? எந்த லயம்?”

சோலைமலை குனிந்து, அந்தோனியார் தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் இல்லை என்று விளக்கினார். துரையின் முகம் கொழுந்துச் சாக்கின் சிவப்புக் கோடுபோல் ஆயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆடு தோட்டத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் இன்னாசி இருக்கக் கூடாது. “ஆடு போ. இல்லாட்டி நீ போ” என்று இரண்டு விரலைக் காட்டிச் சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

அன்று கவ்வாத்து மலையில் இன்னாசிக்குக் கை ஓடவில்லை. விற்கலாம் என்றால் அது அவனுடையது அல்ல. வேறு தோட்டத்தில் இருக்கும் உறவுக்காரரிடம் விடலாம் என்றால், கட்டவும் கூடாது அடிக்கவும் கூடாது என்ற நிபந்தனையைக் கேட்டதும் ஆளாளுக்கு நழுவினார்கள். மிச்சம் ஒரே வழிதான். நேர்ந்ததை நேர்ந்தவருக்கே இப்போதே கொடுத்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சாமியார் வருகிறார். மந்திரித்து அறுத்து, லயத்துக்கே அசனம் என்று விருந்து போட்டுவிடலாம்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

சாயந்தரம் அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவும்வரை காத்திருந்தான். “சூசை” என்றான். பிறகு, “இன்னைக்குப் பனி சாஸ்திதான்” என்றான். பிறகு, “ரொட்டி நல்லாருக்கு” என்றான். அவள் ரொட்டியே இன்னும் சுடவில்லை.

“கெடாவ என்ன செய்யப் போறீங்க?” என்று அவளே கேட்டாள்.

“குடுத்துருவோமா?”

அவள் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிசைய வேண்டிய அளவுக்கு மேலும் பிசைந்தாள்.

“அவரு இன்னும் ஒண்ணும் குடுக்கலியே” என்றாள் கடைசியில். “நாம இப்பவே குடுத்துட்டா, சரி, இவங்க கேட்டு ஓஞ்சுட்டாங்க, கணக்க முடிச்சுட்டாங்கன்னு அவரு நெனைச்சுக்க மாட்டாரா?”

எத்தனையோ சமயம் தேவையில்லாமல் ஓடிய இன்னாசியின் வாய், தேவைப்பட்ட நேரத்தில் படுத்துக்கொண்டது. கெடா மட்டும் அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வந்து, பிசைந்த மாவில் ஒரு வாய் எடுத்துக்கொண்டு போயிற்று.

மறுநாள் காலை வெயில் பளீரென்று அடித்தது. சூசையம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் கம்பளியையும் மடித்துத் தோளில் போட்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

“ஏங்க, வெயில் அடிக்கிறப்பவும் கம்பளியத் தூக்கிட்டுத்தானே மலைக்குப் போறோம்? மழை வந்த பொறகா வந்து எடுக்குறோம்?”

“இல்ல.”

“அப்ப குடுத்துருவோம். முடிச்சுக்கிறதுக்கு இல்ல. வரும்ங்கறதுக்கு.”

சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கிவிட்டாள். அவள் முகத்தைக் காட்டாமல் போனதை இன்னாசி கவனித்தான்.

செய்தி லயமெங்கும் பரவிற்று. சின்னச் சாமியாரால் நஷ்டப்படாத வீடே இல்லை என்பதால், அசனத்துக்கு வராத வீடும் இல்லை. வேட்டியை இழந்தவர் விறகு பிளந்தார். கோலத்தை இழந்தவர்கள் மிளகாய் அரைத்தார்கள். வீரம்மா இரண்டு அம்மி நிறைய மசாலா அரைத்தாள். அரைக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். கேட்டால் வெங்காயம் என்றாள். வெங்காயம் உரித்தது பக்கத்து வீட்டில். கணக்கப்பிள்ளை சோலைமலை, துரையின் உத்தரவு நிறைவேறுகிறதா என்று பார்ப்பது தன் கடமை என்றும், கடமைக்கு ஒரு தொடை வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சாமியாரின் மோட்டார் சைக்கிள் புகையோடு ஏறி வந்தது. தோட்டத்தில் கோயில் கிடையாது. வேலை நாட்களில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராதான் மாதத்தில் ஒரு நாள் கோயில். தொட்டில் சேலைகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மூலையில் அந்தோனியார் சுரூபத்தை நிறுத்துவார்கள். அந்தத் தொட்டில்களுக்கு நேர் கீழே முழந்தாளிட்டு, கையில் பாலனை ஏந்தி நிற்கும் அந்தோனியாரைப் பார்த்துச் செபிப்பது சூசையம்மாவின் வழக்கம். அன்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னாசி பூசையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சின்னச் சாமியாரும் வழக்கம்போல் வந்து கடைசியில் நின்றது. பிரசங்கம் தொடங்கியதும், பீடி பிடிக்க நழுவும் ஆண்களோடு சேர்ந்து அதுவும் வெளியே போயிற்று.

பூசை முடிந்து சாமியார் முற்றத்துக்கு வந்தார். அவர் தமிழைப் புத்தகத்தில் கற்றவர். புத்தகத்தில் இருப்பதுபோலவே பேசுவார்.

“தோத்திரம் சாமி” என்று எல்லாரும் கைகூப்பினார்கள்.

“ஆசீர்வாதம், ஆசீர்வாதம். என்ன, இன்று பெருவிருந்தா? ஓ, இந்த ஆடா? எவ்வளவு கம்பீரமான தாடி! இதற்குப் பெயர் உண்டா?”

முற்றத்தில் எல்லாரும் இன்னாசியைப் பார்த்தார்கள்.

“பேரெல்லாம் இல்லீங்க சாமி” என்றான் இன்னாசி. “ஆட்டுக்கு ஏதுங்க பேரு?”

அதே நேரம் லயத்துக் கோடியிலிருந்து மூக்கனின் குரல் மலையெல்லாம் எதிரொலித்தது. “கத்தி தீட்டியாச்சு! எங்கப்பா சின்னச் சாமியாரு? புடிச்சுட்டு வாங்கப்பா, அறுத்துருவோம்!”

பெரிய சாமியாரின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போயிற்று. பிறகு ஆட்டைப் பார்த்தார். ஆடு அவரைப் பார்த்தது. இரண்டு தாடிகளும் காற்றில் ஒரே பக்கமாக ஆடின. கூட்டம் தரையில் எறும்பு தேடத் தொடங்கியது.

“விளங்கிற்று” என்றார் சாமியார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு தாடிக்குள் நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மூக்கன் கத்தியோடு வந்து நின்றான். கெடா அவனிடம் போய், அவன் காதில் சொருகியிருந்த பீடியை மெதுவாக எடுத்துத் தின்றது. பிறகு அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. மூக்கன் கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“இன்னாசி அண்ணே, காலையிலருந்தே மணிக்கட்டு சுளுக்கா இருக்கு” என்றான். “வேற யாராச்சும் பாருங்க.”

வேட்டியை இழந்தவரைப் பார்த்தார்கள். அவர் தனக்கு இன்றைக்கு மாதக் கார்த்திகை விரதம் என்றார். கார்த்திகை முந்தின நாளே முடிந்துவிட்டது என்று அவர் மனைவி எல்லார் முன்னாலும் சொன்னாள். அப்படியானால் இது பாக்கி விரதம் என்றார். இன்னொருவர் ரத்தம் கண்டால் மயக்கம் என்றார். அவர் தீபாவளிக்குப் பன்றி அறுத்தவர்.

“கணக்கப்புள்ளைய்யா, நீங்கதான் உத்தரவு நடக்குதான்னு பாக்க வந்தீங்க. நீங்களே ஒரு வெட்டு வெட்டுங்க” என்றாள் வீரம்மா.

“பாக்குறதுதான் எவ் வேல. வெட்டுறது இல்ல” என்று சோலைமலை பின்வாங்கினார். கெடா இதற்குள் அவர் கோட்டின் பின்புறத்தை மெல்லத் தொடங்கியிருந்தது. அவர் திரும்பி, குடையை ஓங்கினார். ஓங்கிய குடை அப்படியே நின்றது. “சனியன்... இது வராட்டி நாளைக்குப் பெரட்டுல எண்ணிக்கை சரியா வந்துரும். அதுவும் ஒரு மாதிரியாத்தான் இருக்கும்” என்று முணுமுணுத்தார்.

கடைசியில் கத்தி இன்னாசியின் கைக்கே வந்தது. அவனுடைய கெடா, அவனுடைய வாக்கு.

இன்னாசி சூசையம்மாவைப் பார்த்தான். அவள் ஒரு கை புல்லைக் கெடாவுக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. வழக்கமாகச் சொல்லும் ‘இன்னும் கொஞ்ச நாள் இருடா ராசா’ வெளியே வரப் பார்த்தது. இன்று அதைச் சொல்ல முடியாது என்பது நினைவுக்கு வந்து, அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் இன்னாசி கத்தியைக் கீழே போட்டுவிட்டான்.

“சாமி, என்னால முடியாதுங்க. தொரை என்னைய வெளிய போட்டாப் போடட்டும். வேற தோட்டத்துல மம்பட்டி புடிச்சுப் பொழைச்சுக்குறேன். இவ காத்துக்கிட்டிருக்கட்டுங்க சாமி. அது வருமோ வராதோ, இவ காத்துக்கிட்டிருக்குறத அறுக்குறதுக்கு எங்கிட்ட கத்தி இல்ல.”

வாழ்நாளில் முதல்முறையாக அவன் சரியான இடத்தில் பேச்சை நிறுத்தினான். கெடா புல்லை மென்றுகொண்டிருந்தது.

சாமியார் ஒரு விறகுக் கட்டையின்மேல் உட்கார்ந்தார்.

“நீ நேர்ந்த வார்த்தைகளை ஒருமுறை சொல், மகனே.”

இன்னாசி சொன்னான்.

“பிள்ளை பிறந்தால் ஆட்டைக் கொடுப்பேன் என்றாய். பிள்ளை பிறந்ததா?”

“இல்லீங்க சாமி.”

“அப்படியானால் அந்தோனியார் இதை வாங்க மாட்டார். அவர் நேர்மையான மனிதர். செய்யாத வேலைக்குக் கூலி வாங்குகிறவர் அல்ல. இன்று நீ இதை அறுத்தால், அது உங்கள் எல்லாருடைய வயிற்றுக்கான காணிக்கை. அவருக்கு அதில் சம்பந்தம் இல்லை.”

“தொடை?” என்று சோலைமலையின் வாயிலிருந்து ஒரு சொல் தவறி விழுந்தது.

“கயிறு போட மாட்டேன், அடிக்க மாட்டேன் என்றும் சொன்னேன் என்கிறாய். இதை உன்னிடம் யார் கேட்டார்கள்?”

“யாரும் கேக்கலீங்க சாமி. நானாச் சொன்னது.”

“அடிக்காமல் இருப்பது நல்லது, அது அப்படியே இருக்கட்டும். கயிற்றை மட்டும் நான் அவிழ்த்துவிடுகிறேன். அதாவது, கட்டலாம். இப்படிப்பட்ட நேர்த்தியை மாற்றிக் கொடுக்கக் குருவானவருக்கு அதிகாரம் உண்டு.”

முற்றம் திகைத்துப்போயிற்று. வேட்டி, கோலம், நோட்டீசு, கோவா, கடைசியாக டேலியா, எல்லாம் எல்லார் கண்முன்னாலும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன.

“சாமி, இது எப்பவும் செய்யலாமா? மொதல்லயே செஞ்சிருக்கலாமா?” என்று வீரம்மா மெதுவாகக் கேட்டாள்.

“நிச்சயமாக. ஒருவரும் என்னிடம் கேட்கவில்லையே?”

கேட்டிருந்தால் ஆட்டின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான் யாரும் கேட்கவில்லை. ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சோலைமலை கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு புதுக் கயிற்றை வெளியே எடுத்தார். இந்த ஒரு நாளுக்காக அதை எத்தனை காலம் சுமந்திருந்தாரோ, மடிப்பு மடிப்பாகப் படிந்திருந்தது. அவர் அதைச் சூசையம்மாவிடம் நீட்டினார். “நீயே போடும்மா. ஒன்னையத்தான் அது வம்பு பண்ணாது” என்றார். அவர் குரல் அவ்வளவு மென்மையாக இருந்து யாரும் கேட்டதில்லை. அவள் தாடியைக் கோதிவிட்டு, கழுத்தில் கயிற்றைப் போட்டாள்.

“ஆனா தொரை?” என்றான் இன்னாசி. “ஆடு தோட்டத்துல இருக்கக் கூடாதுங்களே.”

சாமியார் தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“கோயிலுக்கு நேர்ந்த ஆடு கோயிலில் காத்திருப்பதுதான் முறை. பங்கு வீட்டில் இடம் இருக்கிறது. சூசையம்மா, உன் பிள்ளை பிறக்கும்வரை இது அங்கே இருக்கும். நீ அட்டனுக்கு வரும்போதெல்லாம் வந்து புல் கொடு.”

சூசையம்மா சிரித்தாள், கண்ணில் தண்ணீரும் வந்தது. முந்தானையால் துடைக்கக் குனிந்தவள் கெடாவின் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்னாசிக்குத் தெரியும்.

அரைத்த மசாலா வீணாகக் கூடாதே! சோலைமலை வீட்டுக்கு ஆள் அனுப்பி, சின்னச் சாமியார் மிச்சம் வைத்திருந்த கோவாவையெல்லாம் வெட்டி வரச் சொன்னார். உருளைக்கிழங்கு ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்தார்கள். ஆட்டுக்கறி மசாலாவில் ஆடில்லாத அசனம் நடந்தது. “கறி நல்லா வெந்துருக்கு” என்று மூக்கன் உருளைக்கிழங்கைக் கடித்துக்கொண்டு சொன்னான். சுளுக்கிய மணிக்கட்டால் நாலு தடவை சோறு வாங்கினான்.

சாயந்தரத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் மலையிறங்கியது. முன்னால் பெரிய சாமியார். பின்னால் இன்னாசி. நடுவில், கம்பளியில் சுற்றிய சின்னச் சாமியார், பெரிய சாமியாரின் தோளுக்கு மேலே தலையை நீட்டிப் பாதையைக் கவனித்துக்கொண்டு. இரண்டு தாடிகளும் காற்றில் பறந்தன. பாதையில் எதிர்ப்பட்ட துரை குதிரையை ஓரங்கட்டி நிறுத்தினார். வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகும் அங்கேயே நின்றிருந்ததாகச் சொல்கிறார்கள்.

அடுத்த மாதம் சாமியார் பூசைக்கு வந்தபோது அவருடைய தொப்பியில் பாதி விளிம்பைக் காணோம். அங்கியின் ஓரம் அரிக்கப்பட்டிருந்தது. பிரசங்கத்தை மனப்பாடமாகச் சொன்னார். எழுதி வைத்திருந்தது போய்விட்டதாம்.

“கயித்தப் போட்டீங்கதானே சாமி?” என்று இன்னாசி பயந்துகொண்டே கேட்டான்.

“போட்டேன். முதலில் கயிற்றைத்தான் தின்றது” என்றார் சாமியார். பிறகு சூசையம்மாவின் பக்கம் திரும்பினார். “மகளே, நான் உனக்காகத் தினமும் காலையிலும் மாலையிலும் வேண்டுகிறேன். இத்தனை உருக்கமாக நான் எதற்கும் வேண்டியதில்லை. கன்னியர் மடத்துச் சகோதரிகளும் நேற்றிலிருந்து வேண்டத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய ரோஜாச் செடிகள்...” தொப்பியின் மிச்ச விளிம்பைத் தடவிக்கொண்டார்.

“நானும் முனியாண்டிகிட்ட ஒரு வார்த்தை போட்டு வச்சிருக்கேன்” என்றாள் பூசை முடியட்டும் என்று வாசலில் காத்திருந்த வீரம்மா. “இது அந்தோனியாரு காரியம், நீரு நடுவுல பூந்துராதீரு, ஆனா அவரு வர்ற வழியில கல்லு முள்ளு கெடந்தா ஒதுக்கிப் போடும்னு.”

வீட்டுக்கு வரும் வழியில் சூசையம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

“இவ்வளவு நாளும் நாம ரெண்டு பேர்தான் கேட்டுக்கிட்டிருந்தோம். இப்பப் பாருங்க, சாமியாரு, கன்னியாஸ்திரிங்க, முனியாண்டி, எல்லாரும் கேக்குறாங்க. அந்தோனியாரு பாவங்க.”

இன்னாசியும் பக்கத்தில் உட்கார்ந்தான். அடுப்பங்கரையில் இப்போது அவனுக்கு இடம் இருந்தது. ஏனோ அது அவ்வளவு சூடாக இல்லை. அடுத்த ஞாயிறு அட்டனுக்குப் போகும்போது மலைமேல் நல்ல புல்லாகப் பார்த்து அறுத்துப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். வானம் சுத்தமாக இருந்தது. சூசையம்மா எழுந்து, மடியில் இருந்த கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.